நோட்டுப் புத்தகத்தில் இல்லாத பாடம்

பாலர் பள்ளியில் குழந்தையைச் சேர்த்திருக்கும் பெற்றோர்கள் மாலை வேளையில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?" என்பதே அது. "தண்ணீர் ஊற்றினேன்" என்று குழந்தை பதில் சொல்கிறது. மறுநாள் கேட்டால் "தரை துடைத்தேன்" என்கிறது. மூன்றாம் நாள் "நத்தை பார்த்தேன்" என்கிறது. பையைத் திறந்து பார்த்தால் நோட்டுப் புத்தகம் இல்லை. வீட்டுப் பாடம் இல்லை. சிவப்பு மையில் "நன்று" என்று எழுதிய குறிப்பும் இல்லை. அண்டை வீட்டுக் குழந்தையோ அதே வயதில் நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறது. தரை துடைக்கவா இவ்வளவு சம்பளம் கட்டி அனுப்புகிறோம் என்று பெற்றோருக்குத் தோன்றினால், அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலும் உண்டு. ஆனால் அந்தப் பதிலைக் காகிதத்தில் தேடினால் கிடைக்காது.

நான் பாலர் வகுப்பு ஆசிரியன் அல்லன். ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழும் சரித்திரமும் சொல்லிக் கொடுப்பவன். எங்கள் பள்ளியின் வடகோடியில், ஓட்டுக் கூரையின் கீழ், மாண்டிஸோரி முறையில் நடக்கும் "குழந்தைகள் வீடு" ஒன்று இருக்கிறது. தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், அதை நடத்தும் ஆசிரியை அம்மாளிடம் அனுமதி பெற்று, தினந்தோறும் காலையில் ஒரு மணி நேரம் மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்து வந்தேன். பேசக் கூடாது, கேளாமல் உதவி செய்யக் கூடாது, வேடிக்கை காட்டிச் சிரிக்க வைக்கக் கூடாது என்பவை எனக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள்.

மாண்டிஸோரி என்றதும், ஏதோ சீமைச் சரக்கு என்று எண்ணுகிறவர்கள் நம்மில் பலர். அந்த அம்மையார் இத்தாலி தேசத்தவர் என்பது உண்மையே. வைத்தியப் படிப்பில் தேறிய டாக்டர் அவர். 1907-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி ரோமாபுரியில் ஸான் லோரென்ஸோ என்ற ஏழைகள் குடியிருப்பில், வேலைக்குப் போகும் தாய் தந்தையரின் குழந்தைகளுக்காகவே முதல் குழந்தைகள் வீட்டை ஆரம்பித்தார். 1931-ல் வட்ட மேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த மகாத்மா காந்தி, அங்கே மாண்டிஸோரிப் பயிற்சிக் கல்லூரிக்குப் போய்ப் பிரசங்கம் செய்தார். 1939-ம் வருஷம் நவம்பரில், ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில், அம்மையார் தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். கீற்றுக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். சில மாதங்கள் தங்கித் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, பிரிட்டிஷ் சர்க்கார் மகனைக் காவல் முகாமில் அடைத்துத் தாயின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு விதித்தது. ஆகஸ்டு 31, அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாள். அதை முன்னிட்டு மகனை விடுதலை செய்தார்கள். அடையாற்றிலும் கோடைக்கானலிலுமாக யுத்த காலம் கழிந்தது. 1946-ல்தான் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். ஆகவே இந்த முறையின் சரித்திரத்தில் நம் ஊர் மண்ணுக்கும் பங்கு உண்டு.

மேல்நாட்டுப் பள்ளிகளில் இந்தப் பருவத்துக்கென்று வகுப்பை ஒருவிதமாக அலங்கரிப்பார்கள். சிவந்து உதிர்ந்த மேப்பிள் இலைகள், ஓக் மரத்துக் கொட்டைகள், பூசணிக்காய் இவையெல்லாம் மேஜையின் மேல் வந்து உட்காரும். அதைப் பார்த்து இங்கேயும் காகிதத்தில் மேப்பிள் இலை கத்தரித்து ஒட்டும் பள்ளிகள் இருக்கின்றன. இது வீண் வேலை. வாசலுக்கு வெளியே உள்ளதை வகுப்புக்குள் கொண்டு வருவதே இந்த முறையின் தாத்பரியம். நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்றார்கள். வாடைக் காற்றும் அடைமழையும் நமக்கு அந்தக் காலத்தின் அடையாளங்கள். எங்கள் குழந்தைகள் வீட்டில் அந்த வாரத்துப் பாடத் திட்டத்தை வகுத்தது மழைதான்.

திங்கட்கிழமை காலையில் நல்ல மழை. வராந்தா முழுதும் குட்டிக் குட்டி ஈரப் பாதங்கள். இரண்டரை வயது முதல் ஆறு வயது வரையில் முப்பது குழந்தைகள் ஒரே அறையில் இருக்கிறார்கள். குடையை மடக்கிக் கொக்கியில் மாட்டுவதும், மழைச் சட்டையின் பொத்தானைக் கழற்றுவதும் அவரவர் வேலை. மூன்று வயதுப் பையன் ஒருவன் தன் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தான். என் கை பரபரத்தது. ஆனால் நிபந்தனை இருக்கிறதே! ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி அருகில் வந்து, "நான் ஒன்று கழற்றட்டுமா?" என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவள் ஒரே ஒரு பொத்தானைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டாள். மீதி மூன்றையும் அவனே கழற்றினான். ஆறு நிமிஷம் ஆயிற்று. ஆசிரியை அம்மாள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கைக்குட்டையால் மூடி வைத்த தட்டொன்றை எடுத்து வேறொரு குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தட்டில் இருந்தவை இரண்டு சிறு பித்தளைச் செம்புகளும் ஒரு பிடி பச்சைப் பயறும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பயற்றை ஊற்ற வேண்டும். கீழே சிந்தினால் பொறுக்கிப் போட வேண்டும். இது பழகிய பின்பு பயற்றுக்குப் பதில் தண்ணீர். பக்கத்தில் மற்றொரு குழந்தை நனைந்த தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது. துணியை நனைக்கிறது, முறுக்கிப் பிழிகிறது, இடது பக்கம் தொடங்கி வலது பக்கமாகத் துடைத்து வருகிறது, மறுபடி பிழிகிறது. பார்ப்பவர்களுக்கு இது வேலைக்காரி செய்யும் காரியமாகப் படலாம். ஆனால் துணி பிழியும் மணிக்கட்டுத்தான் நாளைக்குப் பேனாவைத் திருப்பப் போகிறது. இடமிருந்து வலமாகப் போவதுதான் நாளைக்கு எழுத்து வரி போகும் வழி. முதலில் இது, பிறகு இது, கடைசியில் இது என்று வரிசை பிசகாமல் ஒரு காரியத்தை முடிப்பதுதான் நாளைக்குக் கணக்கைப் படிப்படியாகப் போடும் புத்தி. சிந்தினால் திட்டுவதற்கு யாரும் இல்லை. சிந்திய தண்ணீரே சொல்லிவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை கண்ணும் காதும் விரலும் பழகும் வேலைகளைக் கவனித்தேன். இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒன்று. பத்து மரக் கனசதுரங்கள். சிறியது ஒரு சென்டிமீட்டர், பெரியது பத்து சென்டிமீட்டர். பெரியதை அடியில் வைத்து வரிசையாக அடுக்க வேண்டும். சென்ற மாதந்தான் வீட்டில் நவராத்திரிக் கொலுப் படி கட்டுவதைப் பார்த்த குழந்தைக்கு இதில் தனி உற்சாகம். பெரிய கட்டையின் கன அளவு சிறியதைப் போல் ஆயிரம் மடங்கு என்பது அதற்குத் தெரியாது. ஆனால் கைக்குக் கனம் தெரிகிறது. மற்றொரு மூலையில் உருளைகள் பொருந்தும் மரக் கட்டை. பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒன்றைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் எஞ்சி நிற்கும். குழந்தை அதைப் பார்த்து யோசித்துத் தானே திருத்திக்கொள்கிறது. அந்த உருளையின் குமிழைக் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றாலும் பிடித்தே தூக்க முடியும். பென்சில் பிடிப்பதும் அந்த மூன்று விரல்களாலேதான்.

ஜன்னலோரத்தில் இயற்கை மேஜை. ஒரு கண்ணாடித் தொட்டியில் ஈர மண்ணும் பாசியும் இரண்டு நத்தைகளும். ஒரு தட்டில் மழைக்கு முளைத்த காளான் ஒன்று. "தொடாமல் பார்ப்போம்" என்று பக்கத்தில் அட்டை. நத்தைகளைத் தோட்டத்திலிருந்து எடுத்து வந்தவர்கள் குழந்தைகளே. இரண்டு நாள் வைத்திருந்து பார்த்த பிறகு, எடுத்த இடத்திலேயே கொண்டு போய் விட வேண்டும் என்பது சட்டம். நாலு வயதுப் பெண் ஒருத்தி அந்தத் தொட்டிக்கு முன்னால் இருபது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என் ஒன்பதாம் வகுப்பில் இருபது நிமிஷம் ஒரு பொருளின் மேல் கருத்தை நிறுத்தக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே வெளியிடப் போவதில்லை.

அன்று முடிவில் மௌன விளையாட்டு நடந்தது. எல்லாரும் கண்ணை மூடி, கை கால் அசைக்காமல், காதால் மட்டும் இருப்பது. ஓட்டின் மேல் மழை பெய்வது கேட்டது. தூரத்தில் தவளை கேட்டது. பிறகு ஆசிரியை அம்மாள் மெல்லிய குரலில் ஒவ்வொரு பெயராக அழைக்க, ஒவ்வொருவராக ஓசையின்றி எழுந்து சென்றார்கள். கூச்சலால் அடக்க முடியாத முப்பது குழந்தைகளை அந்த மெல்லிய குரல் கட்டி வைத்திருந்தது.

புதன்கிழமை எழுத்து. உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துக்கள். அவற்றின் மேல் இரண்டு விரல்களால் தடவிக்கொண்டே குழந்தை ஓசையைச் சொல்லுகிறது. இது நமக்குப் புதியதா? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் பாட்டனார்கள் மணலில் விரலால் எழுதித்தான் அக்ஷரம் கற்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் அநாதைப் பள்ளியை நடத்தி வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதை அமைத்தார். 1797-ல் இங்கிலாந்தில் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். விஜயதசமியன்று அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அதுவும் விரல் வழியே எழுத்தை உள்ளே அனுப்பும் காரியந்தான். நாம் ஒரு நாள் செய்துவிட்டு மறுநாளே பென்சிலைக் கொடுத்துவிடுகிறோம். மாண்டிஸோரி முறையில் அது பல மாதங்கள் நடக்கிறது. அவ்வளவே வித்தியாசம்.

எழுத்தை அறிமுகப்படுத்துவதில் மூன்று படிகள் இருக்கின்றன. "இது ம, இது ப" என்று சொல்லிக் கொடுப்பது முதற்படி. "ம எது, காட்டு" என்று கேட்பது இரண்டாம் படி. "இது என்ன?" என்று கேட்பது மூன்றாம் படி. இரண்டாம் படியில் குழந்தை தவறாகக் காட்டினால் அதட்டல் கிடையாது; அட்டையை எடுத்து வைத்துவிட்டு வேறொரு நாள் மறுபடி ஆரம்பிப்பார்கள். நம் மொழியில் எழுத்தின் பெயரும் ஓசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், இந்த வழி தமிழுக்கு மிகப் பொருத்தம். 247 எழுத்துக்கள் என்று சொல்லிப் பயமுறுத்துகிறோம். உயிரும் மெய்யும் ஆய்தமுமாக 31. அவற்றுடன் உயிர்க்குறிகளைச் சேர்க்கும் வகை தெரிந்தால் மற்ற 216-ம் தாமே வருகின்றன.

ஐந்து வயதுப் பையன் ஒருவன் தனித்தனி எழுத்துக்கள் அடங்கிய பெட்டியைப் பாயில் பரப்பி, வெளியே பார்த்துக்கொண்டே "மழை" என்று அடுக்க முற்பட்டான். ம வைத்தான், ழ வைத்தான், ஐகாரக் குறியை ழகரத்துக்குப் பின்னால் வைத்தான். அவன் செய்ததில் நியாயம் இருக்கிறது. காதில் பின்னால் விழும் ஓசைக்குரிய குறி, எழுத்தில் முன்னால் போய் நிற்கிறது! ஆசிரியை அம்மாள் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு வேறு சொற்களை வைத்து அந்தக் குறியைத் திரும்பக் காட்டுவேன், இன்று அவன் தன் மனத்தில் இருந்த சொல்லைத் தானே வெளியே வைத்திருக்கிறான், அதில் கை வைக்க மாட்டேன்" என்று பிறகு என்னிடம் கூறினார். தான் நினைத்ததை எழுத்தில் அமைக்க முடியும் என்று அந்தப் பையன் கண்டுகொண்டான். என் வகுப்பில், கட்டுரையை உரை நூலிலிருந்து மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளைகளில் பலர் இன்னும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலையில் சென்னைவாசிகளுக்கு இந்தப் பருவத்தில் வழக்கமான செய்தி வந்தது. கனமழை காரணமாகக் கலெக்டர் விடுமுறை அறிவித்திருந்தார். பள்ளிக்குத்தான் விடுமுறை; குழந்தையின் கைக்கு ஏது விடுமுறை? அத்தகைய நாட்களில் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைப்பது சுலபம். சமையலறைக்கு அழைத்துப் போவது சற்றுக் கடினம். ஆனால் பலன் பெரிது. மொச்சைக்காய் உரிக்கக் கொடுக்கலாம். கலந்து கிடக்கும் துவரையையும் உளுந்தையும் பிரிக்கச் சொல்லலாம். மழையில் உலராத துணிகளில் கைக்குட்டைகளை மட்டும் மூலைக்கு மூலை சேர்த்து மடிக்கச் சொல்லலாம். சாப்பாட்டுக்கு இலை போட்டுத் தண்ணீர் வைக்கச் சொல்லலாம். இவை விளையாட்டுக்காக அல்லாமல், வீட்டுக்கு உண்மையில் தேவையான வேலைகளாக இருக்க வேண்டும். தான் மடித்த கைக்குட்டையை அம்மா மறுபடி பிரித்து மடிப்பதைக் குழந்தை பார்க்கக் கூடாது. அது ஒன்றே முக்கியம்.

வெள்ளிக்கிழமை கணக்கும் கைவேலையும். ஒரு பெட்டியில் 0 முதல் 9 வரையில் பத்து அறைகள். பக்கத்தில் 45 மரக் குச்சிகள். ஒன்றென்ற அறையில் ஒன்று, இரண்டென்ற அறையில் இரண்டு என்று போட்டு வர வேண்டும். ஒன்பது குச்சிகளைப் போட்டதும் கையில் எதுவும் மிஞ்சாது; முதல் அறையிலும் எதுவும் இராது. பூஜ்யம் என்பது வாயால் சொல்லும் பெயராக இல்லாமல், கண்ணுக்கு முன் காலியாகக் கிடக்கும் ஓர் அறையாகக் குழந்தைக்குத் தெரிகிறது. மூன்றாம் வருஷத்துக் குழந்தைகள் இருவர் பொன்னிற மணிகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். தனி மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி. நூறு மணிச் சதுரம். ஆயிரம் மணிக் கனசதுரம். ஆயிரங்களைச் சர்வ சாதாரணமாகத் தட்டில் சுமந்து வந்து கூட்டினார்கள். பத்துத் தனி மணிகள் சேர்ந்ததும், யாரும் சொல்லாமலே எழுந்து போய் ஒரு கம்பியாக மாற்றி வந்தார்கள்.

கடைசி அரை மணியில் திருக்கார்த்திகைக்கு அகல் விளக்குச் செய்தார்கள். பெரியவர்கள் களிமண்ணை உருட்டிக் கட்டை விரலால் குழித்தார்கள். சிறியவர்கள் பஞ்சைத் திரித்துத் திரி செய்தார்கள். திங்கட்கிழமை பொத்தானோடு போராடிய பையனுக்குப் பஞ்சு திரிக்கக் கற்றுக் கொடுத்தது ஆசிரியை அம்மாள் அல்லர். ஐந்தரை வயதுப் பெண் ஒருத்தி. அவள் மூன்றாம் வருஷத்துக் குழந்தை.

இந்த மூன்றாம் வருஷத்தைப் பற்றித்தான் பெற்றோர்களிடம் விண்ணப்பித்துக்கொள்ள விரும்புகிறேன். மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான காலத்தை அம்மையார் ஒரே வகுப்பாக அமைத்தார். முதல் வருஷம் குழந்தை பார்க்கிறது, கை பழகுகிறது. இரண்டாம் வருஷம் வேலையைத் தேடித் தேடிச் செய்கிறது. மூன்றாம் வருஷத்திலேயே எழுத்தும் படிப்பும் கணக்கும் கதிர் விடுகின்றன. தான் கற்றதைச் சிறியவர்களுக்குக் கொடுக்கும் பெருந்தன்மையும் அப்போதே வருகிறது. நம்மவர்களோ இரண்டாம் வருஷ முடிவில், பெரிய பள்ளியில் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சி, குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உழுது விதைத்துக் களையெடுத்து, கதிர் வரும் சமயத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விடும் குடியானவன் எங்கேனும் உண்டா? நுழைவுப் பரீட்சைக்கு எழுத்துப் பழக்கம் வேண்டுமே என்பார்கள். முதல் வகுப்பில் சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துப் பொறுக்குவதை 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். மாண்டிஸோரி என்ற பெயரை எந்தப் பள்ளியும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். ஆகவே பலகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் சேர்ந்து வேலை செய்கின்றனவா? நடுவில் மணியடித்துக் கலைக்காமல், காலையில் இரண்டரை மூன்று மணி நேரம் குழந்தைகள் தொடர்ந்து வேலை செய்ய விடுகிறார்களா? சாமான்கள் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, அல்லது பூட்டிய கண்ணாடி அலமாரியில் விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காக இருக்கின்றனவா? ஆசிரியையின் குரல் அறை முழுதும் கேட்கிறதா, அருகில் உள்ள குழந்தைக்கு மட்டும் கேட்கிறதா? இவற்றை விசாரித்தால் உண்மை விளங்கும். ஏழைக் குழந்தைகளுக்காகப் பிறந்த முறை, நம் நகரங்களில் பல இடங்களில் பணக்காரர்களின் சொத்தாகிவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் இரண்டு செம்புக்கும் ஒரு பிடி பயற்றுக்கும் ஓர் உப்புத்தாளுக்கும் எவ்வளவு செலவாகும்? பணத்தைவிடப் பொறுமைக்குத்தான் இங்கே பஞ்சம்.

தை மாதத்துக்குள் அடுத்த வருஷத்துக்கான விண்ணப்பத் தாள்கள் வீடு வீடாக வந்துவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, தாயும் தந்தையும் ஒரு காலை வேளை ரஜா எடுத்துக்கொண்டு, தங்கள் குழந்தையின் வகுப்பில் ஒரு மணி நேரம் வாய் திறவாமல் உட்கார்ந்து, அதன் கைகளை மட்டும் பார்த்து வரட்டும். அதன் பிறகு அவர்கள் எந்த முடிவு செய்தாலும் அது தெரிந்து செய்த முடிவாக இருக்கும்.